லண்டன்–சிட்னி: போகும் வழியும் திரும்பும் வழியும்

லண்டன் ஹீத்ரோவிலிருந்து சிட்னி விமான நிலையம் வரை உள்ள நேர்த்தூரம் ஏறத்தாழ 17,020 கிலோமீட்டர். உலக உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறைந்த நீளம் இது. பூமியில் எந்த இரண்டு இடங்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுக்கிடையே இருக்கக்கூடிய மிக அதிகத் தூரமே சுமார் 20,000 கிலோமீட்டர்தான் என்பதால், இந்த இரு நகரங்களும் ஏறக்குறைய உலகின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன என்று சொல்லலாம். எங்கள் பெரியப்பாவும் பெரியம்மாவும் வரும் ஜனவரியில் லண்டனிலிருந்து சிட்னியில் இருக்கும் மகளையும் பேத்தியையும் பார்க்கப் போகிறார்கள். எந்த வழியாக அனுப்புவது என்று குடும்பத்தில் எழுந்த கேள்விக்குப் பதில் தேடத் தொடங்கியபோது, எல்லாரையும் போல நானும் முதலில் கிலோமீட்டர்க் கணக்கைத்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். அது அவ்வளவாக உதவவில்லை. ஏன் உதவவில்லை என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

பூமியில் ஒரு புள்ளிக்கு நேர் எதிரே இருக்கும் புள்ளிக்குப் போக வேண்டுமானால், எந்தத் திசையில் கிளம்பினாலும் தூரம் ஒன்றேதான். வட துருவத்திலிருந்து தென் துருவத்துக்கு எந்தத் தீர்க்கரேகை வழியாக இறங்கினாலும் தூரம் மாறாததைப் போன்றது இது. லண்டனும் சிட்னியும் நேர் எதிர்ப்புள்ளிகள் அல்ல. அந்த நிலைக்குச் சுமார் 3,000 கிலோமீட்டர் குறைவாக இருக்கின்றன. ஆயினும் அந்த இயல்பின் பெரும்பகுதி இவற்றுக்கும் பொருந்துகிறது. ஆகவே கிழக்கு நோக்கிப் போகும் வழியில் எந்த ஊரில் இறங்கி ஏறினாலும் கூடுதலாகச் சுற்றும் தூரம் வியக்கத்தக்க அளவுக்குக் குறைவாகவே வருகிறது. சிங்கப்பூர் வழியாகப் போனால் மொத்தம் ஏறத்தாழ 17,200 கிலோமீட்டர். நேர்த்தூரத்தோடு ஒப்பிட்டால் கூடுவது நூற்றுக்கு ஒன்று, பறக்கும் நேரத்தில் சொன்னால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். துபாய் வழியாக 17,500, தோஹா வழியாக 17,600, மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் வழியாக 17,800. கொழும்பு வழியாகவும் ஏறத்தாழ 17,500தான். அங்கிருந்து லண்டனும் சிட்னியும் தலா 8,700 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்பதால், தூரத்தைச் சரிபாதியாகப் பங்கிடும் ஊர் என்றால் அது கொழும்புதான்; இரு பக்கமும் நேர் விமானம் பொருந்தி வரும் நாளில் அதையும் எண்ணிப் பார்க்கலாம்.

இந்த வரிசையில் ஹாங்காங் தனியாக நிற்கிறது. லண்டன்–சிட்னி நேர்க்கோடு கிட்டத்தட்ட அந்த நகரத்தின் மேலேயே போகிறது. அங்கே இறங்கி ஏறினாலும் மொத்தத் தூரம் சில கிலோமீட்டருக்கு மேல் கூடுவதில்லை. வரைபடத்தை மட்டும் பார்த்தால் இதைவிடச் சிறந்த இடைநிறுத்தம் இல்லை. ஆனால் அந்த நேர்க்கோட்டின் முதற்பாதி ரஷ்யாவின் மேல் செல்கிறது. 2022 முதல் ரஷ்ய வான்வெளி பிரிட்டிஷ், ஐரோப்பிய நிறுவனங்களின் விமானங்களுக்கு மூடப்பட்டிருப்பதால், அவை தெற்கே வளைந்து போகின்றன. முன்பு பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிந்த லண்டன்–ஹாங்காங் பறப்பு இப்போது பதின்மூன்று மணிக்கும் மேல் நீள்கிறது. தூரப் பட்டியலில் முதலிடம் பெறும் வழி நேரப் பட்டியலில் அந்த இடத்தை இழப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

மேற்கே அமெரிக்கா வழியாகப் போவதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் வழியாக மொத்தம் ஏறத்தாழ 20,800 கிலோமீட்டர். கூடுதல் தூரம் மட்டுமே நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பறப்பு. போதாக்குறைக்கு, அமெரிக்காவில் விமானம் மாறுபவர்களும் அந்நாட்டுக்குள் நுழைபவர்களாகவே கருதப்படுவதால், குடிவரவுச் சோதனையையும் அதற்கான முன் அனுமதி அல்லது விசாவையும் தவிர்க்க முடியாது. அங்கே சில நாள் தங்க விரும்புபவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கிழக்கு வழிகள் அனைத்தும் தூரத்தில் ஏறக்குறைய ஒன்றே என்றாகிவிட்ட பிறகு, அவற்றை வேறுபடுத்துவது எது? மொத்த மணி நேரம் எங்கே வெட்டப்படுகிறது என்பதும், அந்த வெட்டு பயணியின் உடற்கடிகாரத்தில் எந்த நேரத்தில் விழுகிறது என்பதும்தான் என்பது என் முடிவு. பயண இணையதளங்கள் மொத்த நேரத்தைப் பெரிய எழுத்தில் காட்டுகின்றன. இந்த இரண்டாவது கணக்கை நாமேதான் போட வேண்டும்.

ஜனவரி மாதத் திங்கட்கிழமை இரவு 8.30 மணிக்கு லண்டனிலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பருவத்தில் சிட்னி லண்டனைவிட 11 மணி நேரம் முன்னால் இருக்கும். சிங்கப்பூருக்குப் பதின்மூன்றரை மணி நேரப் பறப்பு. அங்கே ஒன்றரை மணி நேர நிறுத்தம். பிறகு சிட்னிக்கு எட்டு மணி நேரம். மொத்தம் 23 மணி நேரம், சிட்னியில் இறங்குவது புதன்கிழமை காலை 6.30. இனி அதே இரவு, அதே நேரத்தில், துபாய் வழியாகக் கிளம்பினால் ஏழு மணி நேரப் பறப்பு, இரண்டரை மணி நேர நிறுத்தம், பதினான்கு மணி நேரப் பறப்பு. சிட்னியில் இறங்குவது காலை 7 மணி. இரண்டுக்கும் இடையே அரை மணி நேரம்தான் வேறுபாடு. டிக்கெட் விலையும் ஒத்து வந்தால், எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்றே யாரும் நினைப்பார்கள்.

ஆனால் உடல் அப்படி நினைப்பதில்லை. சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே மாலை 6 மணி. லண்டன் உடலுக்குக் காலை 10 மணி. இரவு உணவு, ஒரு முழு இரவுத் தூக்கம், காலை உணவு ஆகிய எல்லாம் முடிந்து, கால்களை நீட்டி நடக்க வேண்டிய நேரத்தில் நடக்கக் கிடைக்கிறது. துபாயில் இறங்கும்போது அங்கே காலை 7.30, லண்டன் உடலுக்கோ நள்ளிரவு தாண்டி 3.30. ஏறிய பிறகு உணவு பரிமாறி விளக்கணைக்க இரண்டு மணி நேரம் போய்விடும். இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எழுப்பிவிடுவார்கள். நடுவே கிடைப்பது நான்கு மணி நேரத் தூக்கம், அதுவும் ஆழ்ந்த உறக்கத்தின் நடுவே முறிக்கப்பட்ட தூக்கம். அந்த நிலையில் பாதுகாப்புச் சோதனையைக் கடந்து, நீண்ட தாழ்வாரங்களில் நடந்து, அடுத்த வாயிலைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் பிறகு பதினான்கு மணி நேரம் உட்கார வேண்டும். முழங்கால் வலியோடு இருக்கும் பெரியம்மாவுக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.

லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரே விமானம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு அதே எண்ணுடன் தொடரும் சேவைகளும் உண்டு. இங்கே சொற்களைக் கவனிக்க வேண்டும். விமான நிறுவனங்களின் வழக்கில் ‘நேர் விமானம்’ என்பது எண் மாறாமல் போகும் விமானத்தைக் குறிக்கிறது. நடுவே அது இறங்கலாம். எங்குமே இறங்காமல் போவதற்கு ‘இடைநில்லா விமானம்’ என்ற சொல்லே பொருந்தும். ஒரே எண்ணில் தொடரும் விமானத்தில், பயணி இறங்கிச் சோதனையைக் கடந்து திரும்ப ஏற வேண்டியிருந்தாலும், அடுத்த விமானம் போய்விடுமோ என்ற கவலை இல்லை. முதியவர்களுக்கு இந்த நிம்மதி பெரியது.

பெர்த் வழி வேறு வகையானது. லண்டன்–பெர்த் இடைநில்லாச் சேவையை ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமான நிறுவனம் 2018 மார்ச்சில் தொடங்கியது. 14,500 கிலோமீட்டரை ஏறத்தாழ பதினேழு மணி நேரத்தில் கடக்கும் அந்தப் பறப்பே ஐரோப்பாவையும் ஆஸ்திரேலியாவையும் முதன்முதலில் இடைநிறுத்தமின்றி இணைத்த வழக்கமான பயணிகள் சேவை. அங்கிருந்து சிட்னிக்கு இன்னும் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். மொத்த நேரம் சிங்கப்பூர் வழியிலிருந்து அதிகம் விலகுவதில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிவரவு, சுங்கம், உயிரிப் பாதுகாப்புச் சோதனைகள் முடிய வேண்டும் என்பதால், பதினேழு மணி நேரம் உட்கார்ந்த களைப்போடு பெர்த்தில் பெட்டிகளை எடுத்து, உணவுப் பொருள்களை அறிவித்து, மீண்டும் உள்நாட்டு விமானத்தில் ஏற வேண்டும். பெர்த்திலோ அடிலெய்டிலோ உறவினர் இருப்பவர்களுக்கு இது அருமையான வழி. சிட்னிக்கு மட்டும் போகிறவர்களுக்கு மிக நீளமான ஒரு பகுதியையும் மிகக் குட்டையான ஒரு பகுதியையும் சேர்த்துத் தருவதால், இரண்டு முறைகளின் குறைகளும் இதில் வந்து சேர்கின்றன என்று எனக்குப் படுகிறது.

அப்படியானால் எங்கும் இறங்காமலேயே போய்விட்டால் என்ன? இந்த ஆசை புதிதன்று. 1947 டிசம்பரில் கான்ஸ்டலேஷன் விமானத்தில் தொடங்கிய சிட்னி–லண்டன் சேவை டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி ஆகிய ஊர்களில் இறங்கி நான்கு நாள் எடுத்துக்கொண்டது. பறந்த நேரம் மட்டும் 55 மணி. 1989 ஆகஸ்டில் ஒரு போயிங் 747-400, பயணச்சீட்டு வாங்கிய பயணிகள் எவருமின்றி, ஒரு சிலரை மட்டும் ஏற்றிக்கொண்டு, லண்டனிலிருந்து சிட்னிக்கு 20 மணி 9 நிமிடத்தில் எங்கும் இறங்காமல் வந்து சேர்ந்தது. எரிபொருளைச் சேமிக்க அதை ஓடுபாதையின் முனை வரை இழுத்துச் சென்றார்கள். 2019 நவம்பரில் ஒரு போயிங் 787-9 சுமார் 50 பேருடன் அதே வழியை 19 மணி 19 நிமிடத்தில் கடந்தது. இவை இரண்டும் தனிப் பறப்புகள். இதை நாள்தோறும் நடக்கும் சேவையாக மாற்றுவதற்காக குவாண்டாஸ் 2022-இல் பன்னிரண்டு ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்கு ஆணை கொடுத்தது. கூடுதலாக 20,000 லிட்டர் எரிபொருள் தொட்டியுடன், 22 மணி நேரம் வரை பறக்கக்கூடிய அவற்றின் பயணிகள் சேவையை 2027-இல் தொடங்குவது இப்போதைய திட்டம். திட்டத்தின் பெயர் ‘சன்ரைஸ்’. இரண்டாம் உலகப் போரின்போது, 1943 முதல் 1945 வரை, பெர்த்துக்கும் இலங்கையின் கொக்கல ஏரிக்கும் இடையே பறந்த கடற்படகு விமானங்களின் பயணிகள் ஒரே பறப்பில் இரண்டு சூரிய உதயங்களைப் பார்த்தார்கள். அதன் நினைவாக வந்த பெயர் இது.

இடைநில்லாப் பறப்பு மொத்தத்தில் நான்கு மணி நேரம் வரை மிச்சப்படுத்தும் என்கிறார்கள். அந்த நான்கு மணி நேரம் யாருக்கு உண்மையில் கிடைக்கும் என்பதை யோசிக்க வேண்டும். சிட்னி விமான நிலையத்தில் இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை, மிகச் சில விலக்குகளைத் தவிர, விமானங்கள் இறங்கவோ ஏறவோ சட்டம் அனுமதிப்பதில்லை. நம் எடுத்துக்காட்டில் இரவு 8.30 மணிக்குக் கிளம்பியவர் இருபது மணி நேரத்தில் வந்தால், சிட்னியில் அதிகாலை 3.30 ஆகியிருக்கும், இறங்க முடியாது. ஆகவே வேலை நாளை முடித்துவிட்டு மாலையில் விமானம் ஏறி விடியற்காலை இறங்கும் வழக்கம் இடைநில்லாப் பறப்புக்குப் பொருந்தாது. லண்டனில் பகலிலேயே கிளம்ப வேண்டும், இல்லையென்றால் இரவு 11 மணி வரை காத்திருக்க வேண்டும். அதாவது, விமானத்தில் மிச்சமாகும் மணி நேரத்தை லண்டனில் இழக்கும் நேரத்தோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். இதே இரவுத் தடையால்தான் லண்டனின் கோடையில், இரு நகரங்களுக்கும் இடையே 9 மணி நேர வேறுபாடு மட்டுமே இருக்கும்போது, லண்டனிலிருந்து கிளம்பும் நேரங்களும் பின்தள்ளப்படுகின்றன. ஜனவரி அட்டவணையை வைத்து ஜூலைப் பயணத்தைத் திட்டமிடுவது சரிவராது.

எரிபொருள் பற்றியும் ஒரு சொல். நீண்ட பறப்பின் முதற்பாதியில் விமானம் சுமப்பதில் பெரும்பங்கு, இரண்டாம் பாதியில் எரிக்க வேண்டிய எரிபொருளையே. அந்தச் சுமையைச் சுமப்பதற்கும் எரிபொருள் செலவாகிறது. எடையைக் குறைக்க இருக்கைகளையும் குறைக்க வேண்டியிருக்கிறது. மேற்சொன்ன ஏ350 விமானங்களில் 238 இருக்கைகள்தான் இருக்கும், அதே வகை விமானத்தைப் பிற நிறுவனங்கள் முந்நூறுக்கும் மேற்பட்ட இருக்கைகளோடு இயக்குகின்றன. இடைநில்லாப் பறப்பின் கட்டணம் கூடுதலாக இருந்தால் அதற்கு வசதி மட்டும் காரணமாக இராது.

உடல்நலக் கோணத்தில் பார்த்தாலும் நான் முதியவர்களை இருபது மணி நேரப் பறப்பில் ஏற்றத் தயங்குவேன். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்பவர்களுக்குக் கால் சிரைகளில் இரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் தெரிவித்தது. உடல்நலமுள்ள ஒருவருக்கு அது ஏறக்குறைய ஆறாயிரத்தில் ஒன்று என்ற சிறிய அளவுதான், அஞ்சத் தேவையில்லை. ஆனால் முன்பே சிரை நோயோ அண்மையில் அறுவைச் சிகிச்சையோ இருந்தவர்களுக்கு அந்த அளவு வேறு. அவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழியில் ஒருமுறை இறங்கி ஒரு மணி நேரம் நடப்பது நல்ல பழக்கம். பறக்கும்போதே அவ்வப்போது எழுந்து நடப்பது அதைவிட முக்கியம்.

திரும்பும் பயணத்துக்கு இதே விடையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதைக் கணக்குப் போட்ட பிறகுதான் நானும் உணர்ந்தேன். முதலாவது, உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் விரைவோட்டக் காற்று போகும்போது தள்ளிக்கொடுக்கிறது, திரும்பும்போது எதிர்க்கிறது. வழியைப் பொறுத்து முக்கால் முதல் ஒன்றரை மணி நேரம் வரை கூடுகிறது. தூரம் மாறவில்லை, நேரம் மாறுகிறது. இரண்டாவது, வெட்டு விழும் நேரம் தலைகீழாகிறது. சிட்னியில் மாலை 4 மணிக்குக் கிளம்பி எட்டேகால் மணி நேரம் பறந்து சிங்கப்பூரில் இறங்குபவரின் உடலுக்கு அப்போது நள்ளிரவு 12.15. உறங்க வேண்டிய அந்த நேரத்தில் இரண்டேகால் மணி நேரம் விமான நிலையத்தில் விழித்திருந்து, உடலுக்கு 2.30 மணி ஆகும்போது ஏறி, பதினான்கு மணி நேரம் பறந்து லண்டனில் அதிகாலை 5.30-க்கு இறங்குகிறார். சிட்னியில் இரவு 9 மணிக்குக் கிளம்பி துபாய்க்குப் பதினான்கரை மணி நேரம் பறப்பவரோ, ஒரு முழு இரவை முறியாமல் தூங்கி, உடலுக்கு முற்பகல் 11.30 ஆகும்போது இறங்குகிறார். மூன்று மணி நேரம் நடந்து உலாவிவிட்டு, ஏழரை மணி நேரப் பறப்பில் லண்டனில் முற்பகல் 11 மணிக்கு வந்து சேர்கிறார். மொத்த நேரம் அரை மணி கூடுதல். பயணம் எவ்வளவோ மேல். அதிகாலை 5.30-க்குக் குளிர்காலத்து ஹீத்ரோவில் இறங்கி, வீட்டார் வரும் வரை காத்திருக்கும் சிரமமும் இல்லை.

ஆகவே போகும்போது சிங்கப்பூர், திரும்பும்போது துபாய் என்பதே இந்த எடுத்துக்காட்டின் நேரங்களுக்கு நான் கண்ட சிறந்த சேர்க்கை. இரண்டு நிறுவனங்களிடம் தனித்தனியே ஒருவழிச் சீட்டு வாங்கினால் விலை ஏறிவிடும் என்ற அச்சம் இயல்பானது. குவாண்டாஸும் துபாயின் எமிரேட்ஸும் 2013 முதல் கூட்டாக இயங்குவதால், இந்தச் சேர்க்கையை ஒரே முன்பதிவில் வாங்க வழியிருக்கிறது; முன்பதிவு செய்யும்போது இரு திசைகளுக்கும் வெவ்வேறு வழிகளைத் தேடிப் பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் செலவிடுவது தகும்.

ஒரே முன்பதிவு என்பதை நான் வலியுறுத்துவதற்கு விலை மட்டும் காரணமல்ல. லண்டன்–சிங்கப்பூருக்கு ஒரு சீட்டும் சிங்கப்பூர்–சிட்னிக்கு இன்னொரு சீட்டும் தனித்தனியே மலிவாகக் கிடைத்தால் பலர் வாங்கிவிடுகிறார்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், இரண்டாம் நிறுவனத்துக்கு எந்தக் கடமையும் இல்லை. அப்போது வாங்கும் புதிய சீட்டு முன்பு மிச்சப்படுத்திய தொகையைப் போல் பல மடங்காக இருக்கும். ஒரே முன்பதிவாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு. அத்துடன், பிரிட்டனிலிருந்து கிளம்பும் பயணத்தில், நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருந்த காரணத்தால் இறுதி ஊரை நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக அடைந்தால், இந்தத் தூரத்துக்கு ஆளுக்கு 520 பவுண்டு இழப்பீடு கேட்கப் பிரிட்டிஷ் சட்டம் இடமளிக்கிறது. எந்நாட்டு நிறுவனமாக இருந்தாலும் இது பொருந்தும். திரும்பும் பயணத்தில் பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனத்தின் விமானங்களுக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பு உண்டு என்பதால், துபாய் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒன்றை விட்டுக்கொடுக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

லண்டனில் அல்லாமல் கிளாஸ்கோவிலோ நியூகாசிலிலோ வாழ்பவர்களுக்கு மேற்சொன்ன கணக்கு மாறும். அந்த ஊர்களிலிருந்து துபாய்க்கு நேரே விமானம் இருக்கும்போது, சிங்கப்பூர் வழிக்காக ஹீத்ரோ வரை ரயிலில் பெட்டிகளோடு வந்து சேர்வது நான்கைந்து மணி நேரத்தையும் முழு நாளின் தெம்பையும் தின்றுவிடும். அவர்களுக்கு இரு திசையிலும் வளைகுடா வழியே ஏற்றது. அப்போது செய்யக்கூடியது, முன்னிரவில் கிளம்பும் விமானத்தை விட்டுவிட்டு, பிற்பகலில் கிளம்பி உடலுக்கு இரவு 8 அல்லது 9 மணி ஆகும்போது துபாயில் இறக்கும் விமானத்தைத் தேடுவது. நீண்ட பதினான்கு மணி நேரப் பறப்பு அப்போது இரவாகவே அமையும். சிட்னியில் அது இரவு 11 மணித் தடைக்கு முன்பே இறங்குமா என்பதை மட்டும் அட்டவணையில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரியப்பாவுக்குச் சிங்கப்பூரில் ஓர் இரவு தங்கிப் போகலாமா என்ற எண்ணமும் இருந்தது. மூன்று நான்கு வாரம் தங்கப் போகிறவர்களுக்கு அது நல்ல யோசனையே. ஒன்பது முதல் பதினொரு மணி நேர வேறுபாட்டில் உடல் நேராகப் பழக ஒரு வாரத்துக்கும் மேல் ஆகும்; வழியில் எட்டு மணி நேர வேறுபாட்டில் ஓர் இரவு படுத்து எழுந்தால், அந்தப் பழக்கம் சிட்னி சேர்வதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆனால் பத்து நாள் மட்டும் போகிறவர்களுக்கு அந்த ஓர் இரவு பேத்தியோடு கழிக்க வேண்டிய ஓர் இரவு. பெரியம்மா அதைக் கேட்ட உடனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போகும்போது ஒரே எண்ணில் தொடரும் சிங்கப்பூர் விமானத்தில், நடைபாதையோர இருக்கைகளாகப் பார்த்துச் சீட்டு எடுத்திருக்கிறோம்.